கடைமடையில் துருவக் காற்று

தூக்குச்சட்டி மூடியை அரிவாள் பிடியால் தட்டும் சத்தம் முதலில் கிழக்கே கேட்டது. யாரோ மாட்டை விரட்டுகிறார்கள் என்று செழியன் நினைத்துக்கொண்டான். அடுத்து வடக்கே ஒன்று. பிறகு வாய்க்காலுக்கு அப்பால் நாலைந்து சேர்ந்து, கல்யாண வீட்டுப் பாத்திரமெல்லாம் ஒரே நேரத்தில் கீழே உருண்டதுபோல. நாற்று முடியைக் கையில் வைத்திருந்த அவன் அம்மா தங்கம்மாள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"டேய், அது நம்மளுக்கு அடிக்கிறாங்கடா."

ஓடுவதற்கு எந்த வரப்பு காலி என்று செழியன் பார்த்தான்.

அந்தச் சத்தத்துக்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் மற்ற எல்லா ஊரையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் எட்டிப் பார்க்கும் கடைமடை ஊர் அது. சில வருஷங்களுக்கு முன்பு, ரோடு அளக்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு யாரோ சிலர் வயலில் பெட்டி வைத்துக் குழாய் இறக்கினார்கள். மண்ணுக்கடியில் மீத்தேன் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. போலீஸ் வந்தது, வழக்கு வந்தது, கடைசியில் வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு பிடாரி கோயிலில் சூடம் கொளுத்தி, வீட்டுக்கு ஒருவர் சத்தியம் செய்தார்கள். வயலில் தெரியாத பெட்டியோ குழாயோ கண்ணில் பட்டால் கையில் இருக்கிற மூடியைத் தட்ட வேண்டும். கேட்டவர்களும் தட்டிக்கொண்டே ஓடிவர வேண்டும். எந்த வீட்டார் வாயுக்காரனை வரப்பில் ஏற்றுகிறார்களோ அந்த வீட்டுக்கு மடை அடைப்பு. நடவுக்கு ஆள் கிடையாது. நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். அந்தச் சூடத்தின்மேல் தங்கம்மாளும் கை வைத்திருந்தாள்.

இப்போது அவளுடைய மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர், வயலில், நடவாட்களின் முதுகுக்குப் பின்னாலிருந்த மூலையில், நேற்று நட்ட நாற்றின்மேல் கவிழ்த்தபடி, ஒரு கண்ணாடிக் கூண்டு வெயிலில் பளபளத்தது. கூண்டின் தலையில் ஒரு குழாய். குழாயின் மறுமுனை செழியனின் கையில். வரப்பில் கிடந்த மஞ்சள் பெட்டியின்மேல், தூரத்துக் கண்ணாடி போடாதவரும் படிக்கிற அளவில், 'கேஸ்' என்று எழுதியிருந்தது.

செழியன் வாயுக்காரன் இல்லை. அதாவது, ஒரு விதத்தில் வாயுக்காரன்தான், சிக்கலே அதுதான். திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. போன மே மாதம் ஒரு நார்வே கப்பலில் வட துருவக் கடலுக்குப் போய், பனிப்பாளங்களுக்கு நடுவே நின்று, காற்றைக் குடுவைகளில் அடைத்துக்கொண்டு வந்தான். அங்கே பனிக்கு அடியில் பாசி வளர்கிறது. வெயில் திரும்பி வந்து பனி உடையும்போது, அந்தப் பாசியிலிருந்தும் கடலிலிருந்தும் சில வாயுக்கள் காற்றில் ஏறுகின்றன. ரொம்பக் கொஞ்சம், ஒரு பெரிய ஏரியில் ஒரு சொட்டு மை விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு. அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேகம் திரள்கிறது, ஓசோன் கரைகிறது, இன்னும் என்னென்னவோ நடக்கிறது. ஆலை கிடையாது, புகைபோக்கி கிடையாது, கடல் தன் பாட்டுக்கு விடுகிற மூச்சு அது. அதே வகை வாயுக்களில் சில நெல்வயலிலிருந்தும் வருகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன என்று அவனுக்கு ஓர் ஆசை. வயலுக்கு எங்கே போவது? அம்மாவிடம் இருக்கிறது. நடவுக்கு வந்து நின்ற பெயரும் கிடைக்கும்.

ஊரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்டால் அவனுக்கு வியர்க்கும். சத்தமில்லாமல் வைத்து சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். கோழைகளுக்குத் தோன்றும் யோசனைகளில் இதைவிட மோசமானது கிடையாது.

கோழை என்று அவனை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவனே ஒப்புக்கொள்வான். கப்பலில் பனிக்கரடிக் காவலுக்கென்று துப்பாக்கியோடு ஒருவர் இருந்தார். கரடி தென்பட்ட அன்று மற்றவர்களெல்லாம் படமெடுக்க முன்னால் ஓடினார்கள். செழியன் துப்பாக்கிக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஓடினான். அவர் திரும்பிய பக்கமெல்லாம் அவனும் திரும்பினான்.

இங்கே துப்பாக்கிக்காரர் யாரும் இல்லை. முதுகு காட்டி ஓடவும் வழியில்லை, நாலு வரப்பிலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வரப்பு அகலமில்லாததால் ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் வந்தார்கள். கூச்சல் போட்டிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு நடுங்கியிருக்காது. கையில் மண்வெட்டி, அரிவாள், ஒருவரிடம் பாதி கடித்த வெங்காயம்.

வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அதற்குள் வரப்பேறிவிட்டார்கள். பாதி வயல் பச்சை, பாதி வெறும் சேறு. நடவாட்களை அழைத்து வந்த தர்மாம்பாள் முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தங்கம்மாள் பக்கம் திரும்பாமலே நின்றாள். சற்று முன்புதான் தங்கம்மாள் கையால் டீ வாங்கிக் குடித்தவள்.

முன்னால் வந்தவர் துரைக்கண்ணு. அந்தப் போராட்டத்தில் முதலில் ரோட்டில் உட்கார்ந்தவர், கடைசியில் எழுந்தவர். வழக்கு இன்னும் முடியவில்லை; அவருக்குக் கோர்ட்டு வாசல் டீக்கடையில் இப்போது சொல்லாமலே சர்க்கரை கம்மி. செழியனுக்கு முறையில் சித்தப்பா.

"யாருடா அது, செழியனா?"

"நான்தான் சித்தப்பா."

"நீதான்னு தெரியுது. அது என்னது?"

"அது… ஒரு பெட்டி சித்தப்பா."

"பெட்டின்னு எனக்கும் கண்ணு தெரியுது. மேல என்னா எழுதியிருக்கு? படிச்சவன்தான நீ, படி."

"கேஸு."

"கேஸு!" துரைக்கண்ணு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எம்மேலயும் ஒரு கேஸு இருக்கு. இவன்மாரி ஆளாலதான் இருக்கு. சொல்லு, எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல சித்தப்பா, ஆராய்ச்சி. வட துருவக் கடல்ல பாசி இருக்கு பாருங்க, அது விடுற காத்து…"

"அங்கயும் கொழா போட்டுட்டானுங்களா?" என்றாள் தர்மாம்பாள்.

"இல்லத்தே, அங்க யாருமே இல்ல. வெறும் ஐஸு."

"ஆளே இல்லாத ஊர்ல பாசி விட்ட காத்துக்கும் தங்கம்மா வயலுக்கும் என்னடா சம்மந்தம்? பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருந்தச் சொல்லு."

அவள் வாயால் கேட்டபோது அவனுக்கே அது பொய் போலத்தான் இருந்தது. ஆய்வுக் குழுவிடம் நிதி கேட்டு எழுதியபோது எவ்வளவு நன்றாக இருந்தது!

"அவன் ஒண்ணும் கெட்டதுக்குச் செய்ய மாட்டான்…" என்று தங்கம்மாள் ஆரம்பித்தாள்.

"நீ பேசாத தங்கம்மா. சூடத்துல கை வச்சவ நீ." துரைக்கண்ணு குரலை உயர்த்தவில்லை. மண்வெட்டியோடு நின்ற இளவழகனைப் பார்த்துத் தலையை அசைத்தார். இளவழகன் செழியனோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் செழியனின் முகத்தைப் பார்க்காமல் மடையை நோக்கி நடந்தான்.

தங்கம்மாளின் கை நாற்று முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கூலிக்கு நட்டு நட்டு, ஒவ்வொரு மாவாகச் சேர்த்த நிலம் அது. தண்ணீர் இல்லாமல் போனால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஊர் இல்லாமல் போனால் எந்த வருஷம் பார்ப்பது?

"அந்த உருண்டையெல்லாம் என்னா?" துரைக்கண்ணு மஞ்சள் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே எஃகுக் குடுவைகள் வரிசையாகப் படுத்திருந்தன.

"இதெல்லாம் காலி சித்தப்பா."

"காலின்னா தொற."

செழியனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. காலிக் குடுவைதானே, திறந்து காட்டினால் சந்தேகம் தீர்ந்தது. பயத்தில் அவன் மறந்துபோனது என்னவென்றால், அவனுடைய தொழிலில் காலி என்றால் நிஜமாகவே காலி. உள்ளே இருக்கிற காற்றையும் இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்ட குடுவை. துரைக்கண்ணு உள்ளேயிருந்து என்ன வருகிறது பார்ப்போம் என்று குடுவையின் வாயில் உள்ளங்கையை வைத்தார். செழியன் திருகைத் திருப்பினான்.

உஸ்ஸ்ஸ் என்றது. உள்ளங்கை ஒட்டிக்கொண்டது.

"ஏய்! ஏய், இழுக்குதுடா!"

அவர் கையை உதறிப் பிடுங்கியபோது நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். கூட்டம் ஒரே நேரத்தில் பின்வாங்கியது; வரப்பில் இடமில்லாமல் இரண்டு பேர் அடுத்த வயலில் விழுந்தார்கள்.

"ஆள் கையையே உறிஞ்சுதே, மண்ண வுட்டு வைக்குமா?" என்று ஒரு பெண் அழுகிற குரலில் சொன்னாள். யாரோ மண்வெட்டியை ஓங்கினார்கள். கண்ணாடிக் கூண்டின்மேலா தன் தலைமேலா என்று செழியனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாமல் கண்ணை மூடிக்கொண்டான்.

"நிறுத்துங்கடா," என்றார் துரைக்கண்ணு. உள்ளங்கையைத் துண்டில் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "காலி இல்லாதது எது?"

பெட்டியின் அடித்தட்டில் மூன்று குடுவைகள் இருந்தன. துருவக் கடலில், பனி உடைந்துகொண்டிருந்த விளிம்பில் நிரப்பியவை. ஆய்வுக்கூடக் கருவிக்கு ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்ததால் இன்னும் அளக்கவில்லை. திருச்சியிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். "நீ போன ஊர்க் காத்து எப்புடிடா இருக்கும்?" என்று அம்மா போனில் கேட்டாள் என்பதற்காகத் தூக்கி வந்தான். நேற்று அவள் ஒன்றைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்து, "நல்ல எவர்சில்வரு," என்றாள்.

"இதுல அந்தக் கடல் காத்து இருக்கு சித்தப்பா. தொறந்தா போயிடும். திரும்பப் போயி எடுக்க முடியாது."

"மீத்தேன்னா எரியும்ல? தொற, தீக்குச்சி வச்சுப் பாக்குறேன்."

மடைப்பக்கம் இளவழகனின் மண்வெட்டி சேற்றில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. செழியன் ஒரு குடுவையை எடுத்தான். விரல் வழுக்கியது. திருகைத் திருப்பினான்.

குடுவைக்குள் அழுத்தி அடைத்திருந்த காற்று சீறிக்கொண்டு வந்தது. தீக்குச்சி அணைந்தது.

"வேகத்துல அணைஞ்சிருக்கும். கொஞ்சமாத் தொற," என்றார் துரைக்கண்ணு. கோர்ட்டில் அலைந்தவர், சாட்சியை அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டார்.

செழியன் கொஞ்சமாகத் திறந்தான். இந்த முறை தீ அணையவுமில்லை, பற்றவுமில்லை. லேசாக ஆடிக்கொண்டு தன் பாட்டுக்கு எரிந்தது. தர்மாம்பாள் துணிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லய்யா. சும்மா காத்து."

சும்மா காத்துதான். அதைப் பிடிக்க அவன் கப்பலின் முன்முனையில், மூக்கு நுனி மரத்துப்போக, கரடி வருகிறதா என்று ஒரு கண்ணும் குடுவையில் ஒரு கண்ணுமாக நின்றான். இப்போது அது சம்பா நாற்றின்மேல் கலந்துவிட்டது. அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் அதற்கு இது நேரமில்லை என்று அழுகைக்கே தெரிந்திருந்தது.

துரைக்கண்ணு தீக்குச்சியைத் தண்ணீரில் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடல வுடு. ஐஸ வுடு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்த வயல்ல மீத்தேன் இருக்கா, இல்லியா?"

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் அவன் ஊருக்குச் சொல்லாமலே பெட்டியை வைத்தான். இல்லை என்று சொன்னால் போதும். மண்வெட்டிகள் தோளுக்குப் போய்விடும், மடை திறக்கும், தர்மாம்பாள் ஏதாவது கேலி பேசிவிட்டு வயலில் இறங்குவாள். மூன்றே எழுத்து. நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் துரைக்கண்ணு அவனை முறைக்கவில்லை. உள்ளங்கையின் சிவப்பு வட்டத்தைத் தடவிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வாயைப் பார்க்கிறவர்போல அவன் வாயைப் பார்த்தார். அந்த முகத்திடம் அவனால் சொல்ல முடியவில்லை.

"இருக்கு சித்தப்பா."

மடையில் இளவழகனின் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"எல்லா வயல்லயும் இருக்கு. தண்ணி நின்னா சேத்துக்குள்ள தன்னால உண்டாவும். கால் வச்சா மொட்டு மொட்டா கொப்புளிக்குதுல்ல, அதுல இருக்கு. நெல்லுத் தண்டு வழியாவும் வெளில வரும். யாரும் கொண்டாந்து வைக்கல. கம்பெனிக்காரன் தேடுறது வேற, அது பாதாளத்துல கெடக்கு. இது அவனுக்கு ஒதவாது. ஆனா இருக்கு."

வரப்போரம் தண்ணீரில் கால் வைத்திருந்த ஒருவர் காலை வெளியே எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துத் தானும் எடுத்தார்.

துரைக்கண்ணு தங்கம்மாள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. ஒம்மவன் சொல்றது நெசமா?"

"அதெல்லாம் எனக்கென்னா தெரியும்," என்றாள் தங்கம்மாள். நாற்று முடியைக் கீழே வைத்தாள். "இவன எனக்குத் தெரியும். பயந்தா பொய் சொல்லுவான். அஞ்சாப்பு படிக்கறப்ப மார்க்குச் சீட்டக் கெணத்துல போட்டுட்டு வந்து மாடு தின்னுடுச்சின்னான். எங்க வூட்ல அப்ப மாடே கெடையாது."

யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

"அவன் காலப் பாருங்க, எப்புடி ஆடுதுன்னு. இல்லேன்னு சொல்லியிருந்தா இந்நேரம் தப்பிச்சிருப்பான்ல? இருக்குங்கறான். அப்ப அது நெசந்தான். கம்பெனி இல்லேன்னு சொன்னதும் நெசந்தான்."

மகனைக் கோழை என்று ஊர் முன்னால் நிரூபித்து அவனைக் காப்பாற்ற வேறு யாரால் முடியும்? எல்லோரும் அவன் காலைப் பார்த்தார்கள். கால் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

துரைக்கண்ணும் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு மடைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: "இளவழகா, வுடுறா. தொறந்து வுடு."

தண்ணீர் வயலுக்குள் திரும்பும் சத்தம் கேட்டதும் தங்கம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். துரைக்கண்ணுவும் உட்கார்ந்தார். சட்டென்று அவருக்கு வயதானதுபோல இருந்தது.

"நீ பொய் சொல்லியிருந்தா ரெண்டு சாத்து சாத்திட்டு நிம்மதியாப் போயிருப்பேன்டா," என்றார். "இத எழுதுவியா?"

"எழுதுறதுக்குத்தான் சித்தப்பா எடுக்குறது."

"எங்க எடுத்ததுன்னு போடுவியா?"

"போடணும்."

"அத எவன் எவன் படிப்பான்?"

செழியனுக்கு வியர்த்தது. சேற்று வாயு வேறு, பாதாள வாயு வேறு என்று இன்னொரு தடவை சொல்லலாம். ஆனால் படம் போட்ட ஒரு காகிதத்தில் இந்த ஊரின் பெயரும் அந்த வாயுவின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அதை யார் எங்கே உட்கார்ந்து எப்படிப் படிப்பார்கள் என்று அவனால் உறுதி சொல்ல முடியாது. அவன் போய்க் கண்ணாடிக் கூண்டைத் தூக்கினான். உள்ளே சேர்ந்திருந்த காற்று சத்தமில்லாமல் கலைந்து போயிற்று.

"எடுக்கல சித்தப்பா."

துரைக்கண்ணு காலியான கூண்டை ஒரு தடவை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆட்கள் வந்த மாதிரியே ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள்.

பெண்கள் மட்டும் கலையவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிடுங்கிப் போட்ட நாற்று வெயிலில் வாடத் தொடங்கியிருந்தது.

"எறங்குங்கடி, நேரமாவுது," என்றாள் தர்மாம்பாள். சொன்னவளே இறங்கவில்லை. வரப்பில் நின்று கலங்கிய தண்ணீரைப் பார்த்தாள். வயசுக்கு வந்த நாளிலிருந்து முழங்கால்வரை அதற்குள் நின்றவள், இன்றுதான் அதை முதல் தடவை பார்க்கிறவள்போலப் பார்த்தாள். சேற்றில் எங்கோ ஒரு கொப்புளம் கிளம்பி உடைந்தது. எல்லோர் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

ஜெயபாரதி என்று ஒரு சின்னப் பெண், போன தையில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், செழியனிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, எனக்கு மூணு மாசம். இதுல நின்னா ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஒண்ணும் ஆவாதும்மா. காத்துல கலைஞ்சு போயிடும். நிஜமா ஒண்ணும் ஆவாது."

அவள் தலையாட்டினாள். இறங்கவில்லை. இத்தனை பேர் கண்ணிலும் இந்தப் பயத்தைக் கொண்டுவந்து ஊன்றியது தன் வாய்தான் என்று செழியனுக்கு அப்போது உறைத்தது. மண்வெட்டி ஓங்கியபோது வந்த பயத்தைவிட இது கனமாக இருந்தது. மண்வெட்டியாவது தோளுக்குத் திரும்பிவிட்டது.

அவன் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினான். வயலில் இறங்கினான். கணுக்காலைச் சுற்றி மொட்டு மொட்டாகக் கொப்புளித்தது. எப்போதும் வருவதுதான். ஆனால் இத்தனை கண்கள் பார்க்கும்போது அவனுக்கே ஒரு கணம் காலை எடுத்துவிடலாம் போலிருந்தது. எடுக்கவில்லை. ஒரு நாற்று முடியைப் பிரித்து, குனிந்து, ஊன்றினான். கோணலாகப் போயிற்று. பக்கத்தில் இன்னொன்று. அது இன்னும் கோணல்.

"கோழி கிண்டுன மாரி நடுறான் பாரு," என்றது தர்மாம்பாளின் குரல், வரப்பிலிருந்து.

யாரும் சிரிக்கவில்லை. அவன் நிமிரவில்லை. திரும்பிப் பார்த்து, யாரும் வரவில்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? மூன்றாவது நாற்றை ஊன்றினான். நாலாவது.

பின்னால் சளக்கென்று ஒரு கால் சேற்றில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு கால்தான். செழியன் கையில் நாற்றோடு, குனிந்தபடியே, மற்ற காலுக்காகக் காத்திருந்தான்.